இராகலைக்கு ஓடிய சின்னக் கோச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்கு அடுத்த கந்தப்பளைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் என்று சொன்னால் போதும், முதல் கேள்வி குளிரைப் பற்றி வரும், இரண்டாவது லீக்ஸ் விலையைப் பற்றி வரும், மூன்றாவது "உங்க ஊருல ஒரு காலத்துல ரயில் ஓடுச்சாமே?" என்று வரும். ஓடியது. எங்கள் வீட்டில் அதைச் சின்னக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இலங்கையில் ரயிலுக்குப் பேச்சுவழக்கில் கோச்சி என்று பெயர், போர்டில் எழுதும்போது மட்டும் புகையிரதம்.) ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் கேட்டவர்களின் கேள்விகளை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

எந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம்?

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலைநாட்டு மெயின் லைனில் நானுஓயா இருக்கிறது அல்லவா, அங்கேயிருந்து பிரிந்த கிளைப் பாதை. 1903இல் நுவரெலியா வரைக்கும் திறந்தார்கள், அடுத்த வருடம் 1904இல் கந்தப்பளையைத் தாண்டி இராகலை வரைக்கும் கொண்டுபோனார்கள். மொத்தம் ஏறக்குறைய 19 மைல், இன்றைய கணக்கில் 30 கிலோமீட்டர். நானுஓயா, பிளாக்பூல், நுவரெலியா, கோர்ட்லொட்ஜ், கந்தப்பளை, புரூக்சைட், இராகலை என்று போகும். 1948இல் மூடினார்கள், தண்டவாளத்தைக் கழற்றினார்கள், கதை முடிந்தது. சுருக்கமாகத் தெரிந்தால் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்று ஏன் பெயர்? கோச்சி அங்கே போகவே இல்லையே?

போகவில்லைதான். இராகலையிலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் உடப்புசல்லாவை என்றால் இன்றைய கடைவீதி மட்டும் கிடையாது, அந்த வட்டாரத்துத் தோட்டங்கள் மொத்தத்துக்கும் சேர்த்து வெள்ளைக்காரத் துரைமார் வைத்திருந்த பெயர் அது. அந்த வட்டாரத்துக்கான பாதை என்ற கணக்கில் பெயர் வந்தது. இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: புசல்லாவை வேறு, உடப்புசல்லாவை வேறு. புசல்லாவை கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா வரும் ரோட்டில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "எங்க மாமா வீடு புசல்லாவை, அங்க ஸ்டேசன் எங்க இருந்துச்சு?" என்று கேட்டவர்கள் மூன்று பேராவது இருக்கும். அங்கே ஸ்டேசனே இருந்ததில்லை.

இவ்வளவு உயரத்தில் யாருக்காகப் போட்டார்கள்?

தேயிலைப் பெட்டிக்காக. ஆட்களுக்காக என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இந்தப் பாதையின் எந்த வளைவும் புரியாது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், அப்போது மலைநாட்டில் கோப்பிதான் ராஜா. பாதை மேலே ஏற ஏற, 1869இல் கண்ணில் பட்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டே வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885 என்று கோச்சி மூச்சு வாங்கி மேலே வந்து சேர்ந்தபோது கோப்பி ஏறக்குறைய செத்திருந்தது, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நானுஓயா சில வருடங்கள் கடைசி ஸ்டேசனாக இருந்தது. பிறகு பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் நீண்டது. வரைபடத்தைப் பார்த்தால் தெரியும், மெயின் லைன் நுவரெலியாவைத் தொடாமலே பட்டிப்பொளை பக்கம் வளைந்து போய்விடுகிறது. நுவரெலியாவும், அதற்கு வடகிழக்கே கந்தப்பளை, இராகலை, ஹைபொரஸ்ட் பக்கத்துத் தோட்டங்களும் மலைக்குப் பின்னால் தனியாகக் கிடந்தன. அங்கே விளைந்த தேயிலை மாட்டுவண்டியில்தான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் மாடு படும் பாடு, வண்டிக்காரன் பேசும் பேச்சு, இரண்டையும் நினைத்துப் பாருங்கள். துரைமார் பாதை கேட்டார்கள், கிடைத்தது.

இறங்கும்போது தேயிலை. ஏறும்போது? இதை யாரும் கேட்பதில்லை. ஏறும்போது அரிசி. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நெல் விளையாத குளிரில் உட்கார்ந்து கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, அவர்கள் சாப்பிடும் அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து ரயில் ஏறி, தோட்டத்து ஸ்டோருக்கு வந்து, அங்கே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது. உரமும் மெஷினும் அப்படியே ஏறின. ஆகவே மேலே வந்த ஒவ்வொரு கோச்சியும் எங்கள் ஆட்களுக்கு ஒரு வகையில் சோற்றுக் கோச்சி.

அப்புறம் ஏப்ரல் மாதத்து சீசன். கொழும்பு வெயில் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு நுவரெலியாவுக்கு ஏறுவார்கள், குதிரைப் பந்தயம், கிரகரி வாவியில் படகு, கோல்ஃப். அவர்களுக்கும் இந்தப் பாதை வசதியாக இருந்தது. ஆனால் ஒரு மாதத்துக் கூட்டத்தை நம்பி யாரும் 19 மைல் தண்டவாளம் போட மாட்டார்கள்.

ஏன் "சின்ன" கோச்சி?

தண்டவாளங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி சின்னது. மெயின் லைனில் 5 அடி 6 அங்குலம். இதில் 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மில்லிமீட்டர். சமையல்கட்டு மேசை அகலத்துக்கு ஒரு ரயில் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகளும் எஞ்சினும் அதற்கேற்ற அளவு.

சின்னதாகப் போட்டதற்குக் காரணம் மலையும் காசும். பெரிய பாதை சட்டென்று வளையாது. நம் மெயின் லைனிலேயே மிகக் குறுகிய வளைவுக்கு ஆரம் 330 அடி வேண்டியிருக்கிறது, அதற்காக மலையைக் குடைந்து குகை குகையாகப் போட்டிருக்கிறார்கள். அகலம் குறைந்த பாதை மலையின் இடுப்பை ஒட்டி, ஒவ்வொரு ஓடையிலும் உள்ளே போய், ஒவ்வொரு முகட்டிலும் வெளியே வந்து போகலாம். வெட்டும் செலவு குறைவு. ஏற்றமும் கூடுதலாக வைக்க முடிந்தது: மெயின் லைனில் அதிகபட்சம் 44 அடிக்கு 1 அடி ஏறும், இதில் 24 அடிக்கு 1 அடி. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் இரும்பின் மேல் இரும்புச் சக்கரம், அதுவும் மூடுபனியில் நனைந்த தண்டவாளம் என்றால் 24க்கு 1 என்பது எஞ்சின் டிரைவருக்குச் சரியான பரீட்சை.

அப்போது ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் இருந்ததா?

இல்லை. ஊட்டியில் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி வரைக்கும் போகிறது, அங்கே நடுவில் பல் வைத்த தண்டவாளம் இல்லாமல் ஏறவே முடியாது. இங்கே வெறும் சக்கரப் பிடிமானத்திலேயே ஏறியது. அகலத்திலும் ஊட்டிப் பாதை இதைவிடப் பெரியது, 1 மீட்டர். டார்ஜிலிங் பாதை இதைவிடச் சின்னது, 2 அடி. ஆகவே நம் கோச்சி இரண்டுக்கும் நடுவில். ஒரே வித்தியாசம், அவை இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன, யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கின்றன.

என்ன எஞ்சின் ஓடியது?

எல்லாம் நீராவி. எஞ்சின் பிரியர்களுக்கு ஒரு விஷயம்: 1920களின் கடைசியில் இந்தப் பாதைக்கு ஒரு காரட் எஞ்சின் வந்தது. நடுவில் ஒரு பாய்லர், முன்னாலும் பின்னாலும் தனித்தனியாகத் திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகள். வளைவில் புழு மாதிரி மடிந்து போகும், இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்கும். வளைவும் ஏற்றமும் ஒரே இடத்தில் வரும் பாதைக்குப் பொருத்தமான சாமான்தான். காலம்தான் பொருந்தவில்லை, அது வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், தேயிலை விலை விழுந்துவிட்டது.

இலங்கையிலேயே உயரமான ஸ்டேசன் பட்டிப்பொளைதானே?

இன்றைக்கு, ஆமாம். பட்டிப்பொளைக்கும் ஒஹியாவுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,898 மீட்டரில் உச்சி என்று போர்டு நட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஜன்னலால் தலையை நீட்டிப் படம் எடுப்பார்கள். ஆனால் சின்னக் கோச்சி ஓடிய காலத்தில் அந்தப் பெருமை கந்தப்பளைக்கு. 6,300 அடிக்கு மேலே, அதாவது 1,920 மீட்டருக்கு மேலே. எங்கள் ஊர்க்காரர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், நானும் மாட்டேன்.

ஏன் மூடினார்கள்?

"நட்டத்தில் ஓடியது" என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஏன் நட்டம்? இதற்கு என் தாத்தா ஒரு பதில் வைத்திருந்தார், அதைவிட நல்ல பதிலை நான் எங்கேயும் படித்ததில்லை.

தாத்தா தோட்டத்து ஸ்டோரில் பெட்டி தூக்கியவர். (தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.) ஒரு தேயிலைப் பெட்டி நூறு இராத்தலுக்கு (பவுண்டுக்கு) கிட்ட வரும். மெல்லிய பலகை, உள்ளே ஈயத் தாள், ஓரமெல்லாம் தகரப் பட்டி அடித்திருக்கும், அந்தப் பட்டியின் முனை தோளில் கீறாத நாளே கிடையாது என்பார். அந்தப் பெட்டி ஸ்டோரிலிருந்து வண்டிக்கு ஒரு தூக்கு. வண்டியிலிருந்து ஸ்டேசன் மேடைக்கு ஒரு தூக்கு. மேடையிலிருந்து சின்னப் பெட்டிக்குள் ஒரு தூக்கு. நானுஓயா போனதும் மறுபடி இறக்கி, பெரிய கோச்சியில் ஏற்ற வேண்டும், ஏனென்றால் அகலம் வேறு, சின்ன வண்டி பெரிய தண்டவாளத்தில் ஓடாது. கொழும்பில் இறக்கினால் அது வேறு ஆட்கள். தாத்தா விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். ஒவ்வொரு தூக்குக்கும் ஆள் வேண்டும், கூலி வேண்டும், ஒவ்வொரு தூக்கிலும் ஒரு பெட்டி மூலை உடையலாம், மழை நனைக்கலாம். லொறி வந்தபோது என்ன ஆனது? ஸ்டோர் வாசலில் ஒரு தூக்கு, அப்புறம் நேரே நானுஓயாவில் பெரிய கோச்சிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வேண்டுமென்றால் கொழும்புக்கே போகும்.

மொத்தத்தில் 19 மைல் பயணத்துக்காக இரண்டு மூன்று தடவை கூடுதலாகத் தூக்க வேண்டியிருந்தது. நூறு மைல் பாதை என்றால் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம், மிச்சம் பிடிக்கலாம். இவ்வளவு குட்டிப் பாதைக்கு அது கட்டுப்படியாகாது. மலைக்கு ஏற்றபடி சின்னதாகப் போட்டதுதான் அதைப் போட முடிந்ததற்குக் காரணம், அதே சின்ன அகலம்தான் பிறகு கழுத்தையும் பிடித்தது.

இத்தோடு ரோடுகள் சீரானது, 1930களில் பஸ் ஓடத் தொடங்கியது, நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குக் கோச்சி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் நேரத்தில் பஸ் போய்ச் சேர்ந்து, ஆள் இறங்கி டீ குடித்து முடித்திருப்பார் என்பது. எல்லாம் சேர்ந்துதான். ஆனால் என்னைக் கேட்டால் நானுஓயா மேடையில் அந்தப் பெட்டியை இறக்கி ஏற்றியதுதான் முதல் காரணம்.

1948 என்றால் சுதந்திரம் கிடைத்த வருடம். வெள்ளைக்காரன் போனதால்தான் மூடினார்களா?

காலம் ஒத்துப்போனது, அவ்வளவுதான். பாதை அதற்கு முன்பே இழுத்துக்கொண்டு கிடந்தது. 1948ஐ எங்கள் ஆட்கள் மறக்காததற்குக் கோச்சி காரணம் கிடையாது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தண்டவாளம் போனதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

எங்கள் தாத்தா இராகலை ஸ்டேசனில் கோச்சி ஏறி இந்தியா போனதாக வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்து நிறைய வருகிறது. நீலகிரிப் பக்கம், திருச்சிப் பக்கம், பெரும்பாலும் தாயகம் திரும்பியவர்களின் பேரப் பிள்ளைகள். பதில், அவர் எந்த வருடம் போனார் என்பதைப் பொறுத்தது.

1948க்கு முன்னால் ஊருக்குப் போய் வந்தவர் என்றால் நடந்திருக்கலாம். இராகலையில் சின்னக் கோச்சி, நானுஓயாவில் பெரிய கோச்சி, அப்புறம் வடக்கே தலைமன்னார், அங்கேயிருந்து கப்பல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல் தொடர்பு 1914இல் வந்தது. வரும்போதும் இதே வழிதான், முதலில் மண்டபம் முகாமில் சோதனை, பிறகு மற்றதெல்லாம் தலைகீழாக.

ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் சொல்லும் கதை சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்தியது. அந்த ஒப்பந்தம் 1964 அக்டோபரில். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுப்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று கணக்குப் போட்டார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்களைக் கேட்காமலே. அந்தக் காலத்தில் போனவர் என்றால் இராகலையில் கோச்சி ஏறியிருக்க வழியே இல்லை, தண்டவாளம் போய்ப் பதினைந்து இருபது வருடம் ஆகியிருக்கும். தோட்டத்திலிருந்து லொறியிலோ பஸ்ஸிலோ நானுஓயாவுக்கு வந்து, அங்கே ஏறியிருப்பார். அந்தக் கோச்சிக்கு இங்கே வேறு பெயர் உண்டு: ஒப்பாரிக் கோச்சி. மேடையில் நிற்பவர்களும் ஜன்னலில் இருப்பவர்களும் அழுத அழுகையில் வந்த பெயர்.

என் அப்பாயியின் தங்கச்சி அப்படித்தான் போனார். அப்பாயி கடைசிவரைக்கும் "கோச்சி ஏத்திவிட்டேன்" என்று மட்டும் சொல்வார், எந்த ஸ்டேசன் என்று சொன்னதே இல்லை. கேட்டால் "கோச்சிதான்" என்பார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இராகலையும் கோச்சியும் ஒன்றாகக் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதையை வெட்டியது யார்?

மலைநாட்டு ரயில் பாதைகளில் மண் வெட்டியதிலும் கல் உடைத்ததிலும் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆட்களுடையது. அவர்கள் பெயரைப் போட்ட கல் ஒன்று இந்த 19 மைலில் எங்கேயும் நான் பார்த்ததில்லை.

இப்போது போனால் ஏதாவது தெரியுமா?

தெரியும், ஆனால் கண்ணைப் பழக்க வேண்டும். சில இடங்களில் ரோடு பாதையை விழுங்கிவிட்டது, சில இடங்களில் மரக்கறித் தோட்டம், சில இடங்களில் வீடு. மிச்சம் இருப்பது தேயிலை மலைகளுக்குள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். தோட்டத்துக் குறுக்குப் பாதை எப்போதும் அவசரத்தில் இருக்கும், பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு) நேரமானவர்கள் நடந்து நடந்து உண்டாக்கியது, மலையில் நேரே ஏறும், நேரே இறங்கும். லொறி ரோடு ஏறி, திரும்பி, மறுபடி ஏறும். கோச்சி போன தடம் இரண்டும் செய்யாது. நடப்பவருக்கு ஏறுகிற மாதிரியே தெரியாமல், ஒரே சீராக, மலையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு போகும். ஓடை வந்தால் குறுக்கே தாண்டாமல் உள்ளே வளைந்து போய், மூலையில் ஒரு மதகில் கடந்து, மறுபக்கமாக வெளியே வரும். கொழுந்துக் கூடையோடு போகும் அக்காமார் அந்தத் தடத்தில் வந்ததும் நடை மாறும், முன்னால் குனிந்திருந்த முதுகு நிமிரும். சின்ன வயதில் எனக்கு அதுதான் அடையாளம். அந்தத் துண்டுகளை இன்னும் "ரயில் ரோடு" என்று சொல்கிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள், ஏன் அந்தப் பெயர் என்று சில பிள்ளைகளுக்குத் தெரியாது.

தேடிப் போகிறவர்கள் தோட்டத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். மழை நாளில் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகு கந்தப்பளையில் பனிமூட்டம் இறங்கிவிடும், அப்புறம் மதகும் தெரியாது, நீங்களும் தெரிய மாட்டீர்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு, ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள் அல்லவா, அங்கே ஒரு பழைய ரயில் பெட்டியைச் சாப்பாட்டு அறையாக வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விலையைப் பார்க்க வேண்டாம்.

நுவரெலியாவுக்கு இப்போது நேரடி ரயில் இருக்கிறதா?

இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ பிடிக்க வேண்டும், 8 கிலோமீட்டர் சொச்சம். முச்சக்கர வண்டிக்காரரிடம் ஏறுவதற்கு முன்னால் காசு பேசிக்கொள்ளுங்கள்.

திரும்பவும் போட்டால் என்ன? சுற்றுலாவுக்கு நல்லதுதானே?

அவ்வப்போது இந்தப் பேச்சு கிளம்பும், படமும் வரும், பிறகு அடங்கும். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள், பழைய தடத்தில் வீடுகள் இருக்கின்றன, ரோடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. முதலில் கிளப்பப்படுவது யார் வீடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தவிரவும் இராகலையிலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிப் பெண் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார். அந்த ரோட்டுக்கு இன்னும் நாலு பஸ் விட்ட பிறகு யாராவது நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசினால் நான் முதல் ஆளாகக் கொடி பிடிக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரைக்கு இராகலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்கலாம்.

இலங்கையில் இப்படி வேறு சின்னப் பாதைகள் இருந்தனவா?

இருந்தது, களனிவெளிப் பாதை. அதே 2 அடி 6 அங்குலம்தான், ஆனால் இதனோடு தண்டவாளத் தொடர்பு கிடையாது. அது கொழும்பிலிருந்து அவிசாவளைக்குப் போய், ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்கும் இன்னொன்று இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்காவுக்கும் போனது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் போனது, ஓப்பநாயக்காக் கிளை 1976இல் போனது, அவிசாவளை வரைக்குமான பகுதியை 1990களில் அகலப் பாதையாக மாற்றி இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போகும் கூட்டம் இருந்ததால் அது பிழைத்தது. இராகலையிலிருந்து யார் தினமும் எங்கே வேலைக்குப் போனார்கள்? வேலை லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலேயே இருந்தது.

உங்களிடம் அந்தப் பாதையின் தண்டவாளம் இருக்கிறதாமே, விற்பீர்களா?

ஒரு நண்பர் எங்கேயோ சொல்லிவிட்டார், அதிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார். இருக்கிறது, ஆனால் என்னிடம் இல்லை. எங்கள் பழைய லயத்துக்குப் பின்னால், பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) போகிற வழியில், கானுக்கு (வடிகாலுக்கு) குறுக்கே இரண்டு துண்டு போட்டு மேலே பலகை அடித்திருக்கிறார்கள். அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே அங்கே இருந்ததாம். பெரிய கோச்சித் தண்டவாளத்தோடு ஒப்பிட்டால் பொம்மை மாதிரி இருக்கும், ஒரு சாண் உயரம் கூட வராது. துருப்பிடித்திருக்கிறது, ஆனால் மேல்பக்கத்து ஓரம் ஒன்று மட்டும் இன்னும் வழுவழுப்பாக, சக்கரம் தேய்த்த பக்கம் எது என்று கையை வைத்தால் தெரியும். பலகை இதுவரைக்கும் நாலைந்து தடவை மாற்றியாகிவிட்டது, இரும்பு அப்படியே கிடக்கிறது. பக்கத்துக் காம்பராக்கார (லயத்து அறைக்கார) பாட்டி குடத்தோடு தினமும் நாலு தடவை அதன் மேல்தான் போய் வருகிறார். வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேளுங்கள்.